கொதிக்கும் வண்டிக்கு ஒரு விசிறி

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. மலையும் காடும் நிலக்கரிச் சுரங்கமுமான பிரதேசம். அதன் எல்லையில் ஓடும் டக் போர்க் ஆற்றின் இரு கரைகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. இந்தக் கரையில் ஹாட்பீல்டுகள். அந்தக் கரையில் மெக்காய்கள். ஒரு பன்றி யாருக்குச் சொந்தம் என்று 1878-ல் எழுந்த வழக்கு இரு குடும்பத்துப் பகையையும் நெய் வார்த்து வளர்த்தது. அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் துப்பாக்கியால்தான்.

2000-ஆம் ஆண்டில் அந்த மலைகளில் வண்டிப் பாதைகள் போட்டுத் திறந்தபோது, இரண்டு குடும்பத்துப் பெயரையும் சேர்த்தே அவற்றுக்குச் சூட்டிவிட்டார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் நீளும் அந்தப் பாதைகளில் இன்று துப்பாக்கிச் சத்தம் இல்லை. 'ஏ.டி.வி.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாலு சக்கர வண்டிகளின் உறுமல்தான் கேட்கிறது. மோட்டார் சைக்கிளைப் போல் ஏறி உட்கார ஓர் ஆசனம், திருப்புவதற்குக் கைப்பிடி, கீழே பலூன் மாதிரி நாலு டயர்கள். பாறையா, சேறா, ஓடையா, எதுவும் அதற்கு லட்சியமில்லை.

ஆனால் அப்பேர்ப்பட்ட சூரனும் ஓர் இடத்தில் தோற்றுப் போகிறான். முழங்கால் அளவு சேற்றில், மனிதன் நடக்கும் வேகத்தில், செங்குத்தான ஏற்றத்தில் கால் மணி நேரம் தம் பிடித்து ஏறிய பிறகு, கைப்பிடிக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கு கண்ணைத் திறக்கும். 'எஞ்சின் கொதிக்கிறது, ஐயா!' என்று அதற்கு அர்த்தம். ஆஸ்பத்திரி மாதிரி ஒரு மோட்டார்ப் பட்டறைக்குப் போகலாமென்றால், அது பத்து மைலுக்கு அப்பால் இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் காடு.

இந்தச் சிவப்பு விளக்குக்குப் பயந்துதான் ஏ.டி.வி. வைத்திருப்பவர்கள் பலர் ரேடியேட்டர் விசிறிக்குத் தனியாக ஒரு ஸ்விட்ச் போட்டுக்கொள்கிறார்கள். கைக்கெட்டும் இடத்தில் சின்ன ஸ்விட்ச். தட்டினால் விசிறி சுழலும். கேட்பதற்கு அற்பக் காரியமாகத் தோன்றும். ஒழுங்காகச் செய்தால் அது வண்டியைக் காப்பாற்றும். அவசரக் கோலமாகச் செய்தால் அதுவே வண்டியைக் கொன்றுவிடும். அதனால்தான் இதை ஒரு கட்டுரையாக எழுத வேண்டியிருக்கிறது.

காற்று எங்கே போயிற்று?

இந்த வண்டிகளுக்கு ஆதியில் ரேடியேட்டரே கிடையாது. பனிக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடுகிறதே என்று அமெரிக்க விற்பனையாளர்கள் முறையிட்டதன் பேரில், ஹோண்டா கம்பெனியார் 1970-ல் 'யு.எஸ். 90' என்று ஒரு மூன்று சக்கர வண்டியைக் கொண்டு வந்தார்கள். 89 சி.சி. எஞ்சின், ஏழு குதிரை சக்தி, விலை 595 டாலர். எஞ்சினைச் சுற்றிலும் அலுமினியத் தகடுகள். அவற்றின் மேல் படும் காற்றே போதும். 1980-களின் தொடக்கத்தில் சுஸுகி கம்பெனியார் நாலாவது சக்கரத்தைச் சேர்த்தார்கள். மூன்று சக்கர வண்டிகள் குடை சாய்ந்து பலரைப் பலி வாங்கியதால், 1988-ல் ஏற்பட்ட ஒரு கோர்ட்டு உடன்பாட்டோடு அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நின்றது. நாலு சக்கரம் நிலைத்தது. எஞ்சினும் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே வந்து, இன்று ஆயிரம் சி.சி.யை எட்டிப் பிடிக்கிறது. அந்தச் சூட்டுக்கு வெறும் காற்று எந்த மூலைக்கு?

பெட்ரோல் எரிந்து வெளிவரும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் உஷ்ணம். அதில் ஒரு பகுதி புகைக் குழாய் வழியே போய்விடுகிறது. இன்னொரு பெரிய பகுதியை, எஞ்சினைச் சுற்றி ஓடும் 'கூலண்ட்' திரவம் சுமந்துகொண்டு வந்து ரேடியேட்டரில் கொட்டுகிறது. ரேடியேட்டர் அதைக் காற்றிடம் கொடுக்க வேண்டும். வண்டி வேகமாகப் போனால் எதிர்க் காற்று தானாக வந்து வாங்கிக்கொள்ளும். வண்டி ஊர்ந்தால்?

அங்கேதான் சிக்கல். எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் சமயமும், காற்றே இல்லாத சமயமும் ஒன்றாக வந்து சேருகின்றன. முன்பெல்லாம் கொடைக்கானல் மலைப் பாதையில் பஸ்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, டிரைவர் தகர டின்னில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுவாரே, அதே சங்கடம்தான். அந்த பஸ்களில் விசிறி எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றியாக வேண்டும். ஏ.டி.வி.யில் இருப்பதோ மின்சார விசிறி. அதற்கு யாராவது உத்தரவு கொடுக்க வேண்டும்.

உத்தரவு கொடுப்பது ரேடியேட்டரிலோ அருகிலோ திருகப்பட்டிருக்கும் கட்டை விரல் பருமனுள்ள ஒரு பித்தளைச் சாதனம். வெப்ப ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சார இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் தத்துவமேதான். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் தகடு வளைகிறது. இஸ்திரிப் பெட்டியில் அது மின்சாரத்தை நிறுத்துகிறது. இங்கே சேர்த்து வைக்கிறது. விசிறி சுழலுகிறது. சூடு சில டிகிரி இறங்கியதும் தகடு பழைய நிலைக்கு வர, விசிறி நிற்கிறது. புது வண்டிகளில் இந்த வேலையை ஒரு குட்டிக் கணிப்பொறி பார்க்கிறது.

தானாக நடக்கும் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டில் மனிதன் ஏன் கையை நுழைக்க வேண்டும்?

காரணம் இல்லாமல் இல்லை. வெப்ப ஸ்விட்சுக்கு முன்யோசனை கிடையாது. சூடு வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். எதிரே கால் மைல் சேற்று ஏற்றம் இருக்கிறதென்று ஓட்டுகிறவருக்குக் கண்ணால் தெரிகிறது. முன்கூட்டியே விசிறியைத் தட்டிவிட்டால் திரவம் சற்றுக் குளிர்ந்த நிலையிலேயே ஏற்றத்தைத் தொடங்கலாம். இரண்டாவது, சேற்றிலும் தண்ணீரிலும் முழுகி எழுந்து அந்தப் பித்தளைச் சாதனமே ஒரு நாள் கெட்டுப் போகும். அது கெட்டுப் போனதைச் சிவப்பு விளக்கு வந்துதான் சொல்லும். அப்போது கையால் போட ஒரு ஸ்விட்ச் இருந்தால் வீடு வந்து சேரலாம்.

'எந்நேரமும் விசிறியைச் சுழல விட்டால் எஞ்சின் ரொம்பவும் குளிர்ந்துவிடாதா?' என்று கேட்கலாம். பயமில்லை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்ற காவல்காரன் இருக்கிறான். எஞ்சின் தக்க சூட்டுக்கு வரும் வரையில் அவன் கதவைத் திறக்க மாட்டான். கவலைப்பட வேண்டியது பாட்டரியைப் பற்றித்தான். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

நேற்று வரை தானாகச் சுழன்ற விசிறி இன்று சுழலவில்லை என்றால், உடனே ஸ்விட்ச் வாங்கக் கடைக்கு ஓடுவது தவறு. ஜுரத்துக்குக் காரணம் பார்க்காமல் நெற்றியில் ஈரத் துணி போடுகிற வைத்தியம் அது.

வெப்ப ஸ்விட்சின் முனையில் இரண்டு கம்பிகள் வந்து சேரும் வண்டியானால், அந்த இணைப்பைக் கழற்றி, சாவியைத் திருப்பி, இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பார்ப்பார்கள். விசிறி சுழன்றால் விசிறியிலும் பியூஸிலும் கோளாறு இல்லை. வெப்ப ஸ்விட்சின் மேல்தான் சந்தேகம். அதைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்து, எந்த டிகிரியில் சேருகிறது என்று மீட்டரில் பார்த்துவிடலாம். வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் டிகிரிக்கு ஒத்துவந்தால் நல்லது. (இதற்கு எடுக்கும் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கூலண்டில் சேரும் எதிலீன் கிளைக்கால் விஷம்.)

துண்டுக் கம்பி போட்டும் சுழலவில்லையா? விசிறிக்கு நேரே பாட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் விசிறி மோட்டாரே சேறு குடித்துச் செத்துவிட்டது. அந்த விசிறிக்குத் தங்கத்தில் ஸ்விட்ச் செய்து போட்டாலும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று: சேறு. இது விசிறி ஓடியும் வண்டி கொதிக்கிறதே என்று அங்கலாய்ப்பவர்களுக்கு. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே புகுந்த சேறு, எஞ்சின் சூட்டிலேயே செங்கல்லாகச் சுட்டுப் போகும். காற்று நுழைய வழியே இராது. தோட்டத்துக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகப் பாய்ச்சிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமான பீச்சாங்குழல் இயந்திரத்தால் அடித்தால் தகடுகள் மடிந்து, இருக்கிற வழியும் அடைபடும். பனிக் காலத்தில் வண்டிக்கு முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டி முற்றத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அந்தத் தகடே காற்றை மறைத்துக்கொண்டு நிற்பதால், சுற்றிலும் பனிக்கட்டி கிடக்க நடுவில் வண்டி கொதிக்கும் வேடிக்கையும் உண்டு!

நாட்டாண்மையும் நீர்க்கட்டியும்

எல்லாம் சரியாக இருக்கிறது. இனி ஸ்விட்ச் போடலாம். எப்படிப் போடுவது?

பழைய வண்டிகளில் சிலவற்றின் அமைப்பு வெகு சுலபம். சாவியைத் திருப்பியதும் விசிறிக்கு 12 வோல்ட் வந்து காத்திருக்கும். விசிறியிலிருந்து வெளியேறும் கம்பி வெப்ப ஸ்விட்ச் வழியாக வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும். அதாவது, 'எர்த்' பக்கத்தில்தான் பூட்டு இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் வெப்ப ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி வெட்டிவிட்டால் போதும். விசிறிப் பக்கத்துக் கம்பியிலிருந்து ஒரு கிளைக் கம்பி கைப்பிடி ஸ்விட்சுக்கு. ஸ்விட்சிலிருந்து மற்றொரு கம்பி சட்டத்துக்கு. இரண்டு கதவுள்ள வீடு மாதிரி. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே வரலாம். வெப்ப ஸ்விட்ச் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இந்த முறையில் மெச்சத்தக்க ஒரு குணம் உண்டு. காட்டுக் குலுக்கலில் புதுக் கம்பியின் தோல் உரிந்து சட்டத்தில் பட்டுவிட்டாலும் விபரீதமில்லை. விசிறி நிற்காமல் சுழன்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். குற்றம் செய்தாலும் நல்லதாகச் செய்கிற குற்றம்!

மற்ற வண்டிகளில் பூட்டு 'பாஸிடிவ்' பக்கத்தில் இருக்கும். அங்கே தோல் உரிந்த கம்பி சட்டத்தில் பட்டால் பாட்டரியின் முழுச் சக்தியும் பாயும். பியூஸ் இல்லையேல் கம்பி நெருப்பாகிவிடும்; அதற்கு ஒரு சாண் தூரத்தில் பெட்ரோல் டாங்க். ஆகவே இங்கே 'ரிலே' என்ற சாதனம் வேண்டும்.

ரிலே என்பது வேறொன்றுமில்லை. ஏரி மடையை நாட்டாண்மைக்காரர் தாமே இறங்கித் திறப்பதில்லை. கரையில் நின்று விரலை அசைத்தால், நீர்க்கட்டி ஓடிப் போய்த் திறக்கிறார். அதே மாதிரி, கைப்பிடியிலுள்ள ஸ்விட்ச் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தை அனுப்பி ரிலேயை எழுப்பும். விசிறிக்கு வேண்டிய ஐந்து முதல் பத்து ஆம்பியர் வரையுள்ள பெரிய வெள்ளத்தை ரிலேதான் திறந்துவிடும். சின்ன ஸ்விட்சின் முனை கருகாது. தடித்த கம்பியைக் கைப்பிடி வரை இழுக்க வேண்டியதும் இல்லை.

மோட்டார் சாமான் கடைகளில் கிடைக்கும் ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற முனைக்குப் பாட்டரியிலிருந்து, பியூஸ் வழியாக, கம்பி வர வேண்டும். 87-லிருந்து விசிறிக்குப் போக வேண்டும். 85, 86 இரண்டும் உத்தரவு வாங்கும் முனைகள். ஒன்று சட்டத்துக்கு, மற்றது கைப்பிடி ஸ்விட்சுக்கு. சில ரிலேக்களில் நடுவே 87ஏ என்று ஐந்தாவது முனை ஒன்று இருக்கும். அது நேர் எதிர் குணம். ரிலே தூங்கும்போதுதான் அதில் மின்சாரம் இருக்கும். விசிறியை அதில் மாட்டியவர்கள், 'ஸ்விட்சை அணைத்தால் விசிறி ஓடுகிறது, போட்டால் நிற்கிறது, இது என்ன பேய்?' என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

பியூஸ் பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை என்பதால் அந்தத் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கம்பெனியார் விசிறிக்குப் போட்டிருக்கும் பியூஸ் எத்தனை ஆம்பியரோ, அதே அளவே போதும். விசிறிக் கம்பி ஒன்றரை முதல் இரண்டரை சதுர மில்லிமீட்டர் கனம். உத்தரவுக் கம்பி முக்கால் சதுர மில்லிமீட்டர் இருந்தாலே தாராளம்.

கணிப்பொறியே விசிறியை நடத்தும் வண்டிகளில் மட்டும் கை நிதானிக்க வேண்டும். அதன் கம்பியில் வெளியிலிருந்து 12 வோல்ட்டைத் திருப்பி அனுப்பினால், சில ரூபாய் ஸ்விட்சுக்காகக் கணிப்பொறியைப் பலி கொடுத்ததாகலாம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 'டயோடு' அங்கே வேண்டியிருக்கும். அந்த வண்டியின் மின்சாரப் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

பாட்டரி விஷயத்துக்கு வருவோம். கைப்பிடி ஸ்விட்சுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சாவி வழியாக வரும் கம்பியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நேரே பாட்டரியிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? 14 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏழு ஆம்பியர் விசிறியை மறந்து ஓடவிட்டால், கணக்குப்படி இரண்டு மணி நேரம். அதற்கு வெகு முன்னதாகவே எஞ்சினைக் கிளப்பும் தெம்பு போய்விடும். மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு எழுந்தால் வண்டி பேசாது. எஞ்சின் ஓடும்போதும் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மின்சார உற்பத்தி குறைவுதான். விளக்கு, விசிறி, வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச் எல்லாமே ஒரே சமயத்தில் சாப்பிட்டால் பாட்டரி கரைந்துபோகும். ஆகவே ஸ்விட்சோடு ஒரு சின்ன விளக்கும் இருப்பது உத்தமம். எஞ்சின் சத்தத்தில் விசிறிச் சத்தம் யார் காதில் விழுகிறது?

அணைக்கும் ஸ்விட்ச்

இது வரையில் சொன்னதெல்லாம் விசிறியை ஓட வைக்கும் ஸ்விட்ச். விசிறியை நிறுத்துவதற்கும் சிலர் ஸ்விட்ச் கேட்கிறார்கள். அதற்கும் நியாயம் உண்டு. லூயிஸியானா, மிசிசிப்பிப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் ரேடியேட்டர் முழுகும் ஆழத்தில் வண்டியை இறக்குகிறார்கள். விசிறி ஓடும்போது தண்ணீர் வந்து மோதினால், காற்றை வெட்டப் பிறந்த இறக்கை தண்ணீரை வெட்ட முடியாமல் திணறும். இறக்கை ஒடியலாம். அல்லது மோட்டார் ஸ்தம்பித்து, அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்து, பியூஸ் போய்விடும். கரையேறிய பின் விசிறி இல்லை. அடுத்த மேட்டில் சிவப்பு விளக்கு. இதைத் தவிர்க்க, ரேடியேட்டரையே பெயர்த்து முன்பக்கத்துச் சாமான் தட்டின் மேல் உயரமாக வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே மூன்று நிலை ஸ்விட்ச்: மேலே தட்டினால் விசிறி ஓடும், நடுவில் வைத்தால் தானாக, கீழே தட்டினால் நிறுத்தம். பார்ப்பதற்கு ராஜரிகமாக இருக்கும். ஆனால் நம் அபிப்பிராயம் வேறு. தண்ணீரில் இறங்குவதே தொழிலாக உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த மூன்றாவது நிலை வேண்டாம். ஓடையைத் தாண்டிய சந்தோஷத்தில் ஸ்விட்சைத் திருப்ப மறப்பது மனித சுபாவம். மறந்தால், வெப்ப ஸ்விட்ச் எவ்வளவு கத்தினாலும் விசிறிக்குக் கேட்காது. அலுமினியத்தாலான எஞ்சின் தலை வளைந்து, நடுவிலுள்ள காஸ்கெட் வெடித்து, திரவம் எஞ்சினுக்குள்ளேயே புகும். வெப்ப ஸ்விட்சை அடியோடு கழற்றி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கை ஸ்விட்சிலேயே விடுகிற மகானுபாவர்களும் உண்டு. தூங்காத காவல்காரனை வேலையை விட்டு நீக்கிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்தவனிடம் சாவியைக் கொடுக்கிற காரியம் அது.

சிவப்பு விளக்கு வந்தேவிட்டால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. உள்ளே இருப்பது பாதி ஜலம், பாதி கிளைக்கால். மூடியின் அழுத்தத்தால், பிரஷர் குக்கரில் நடப்பதைப் போல, அது 125 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டி ஆவியாகாமல் நிற்கும். மூடியைத் திருகிய கணமே அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் பீறிடும். குக்கரைச் சத்தம் அடங்காமல் திறக்கலாமா என்று வீட்டிலுள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆற விட்டு, கை வைத்தால் சுடாத நிலை வந்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும்.

வேலை முடிந்ததும் சில சில்லறைக் காரியங்கள் பாக்கி. கம்பி இணைப்புகளை வெறும் டேப் சுற்றி விடக் கூடாது. இரண்டு ஓடை தாண்டினால் டேப் பிரிந்து, செம்பு பச்சை பூத்துவிடும். சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் குழாய் உறைகள் கிடைக்கின்றன. புதுக் கம்பியைப் பழைய கம்பிக் கட்டோடு சேர்த்துக் கட்டி, புகைக் குழாய்ப் பக்கமே போகாமல் கொண்டு வர வேண்டும். கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுக்கத் திருப்பி, கம்பி எங்கும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, புது ஸ்விட்சைத் தொடாமல், எஞ்சினை மட்டும் ஓட விட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷமோ கால் மணியோ ஆகலாம். விசிறி தானாகச் சுழல ஆரம்பித்து, சற்று நேரத்தில் தானாக நிற்கிறதா? பழைய ஏற்பாடு பிழைத்திருக்கிறது. இனி ஸ்விட்சைத் தட்டிப் பார்க்கலாம்.